லோட் பேலன்சர்: சமனியா, பகிர்வியா?

ஒரு இணையதளத்துக்கு வரும் கூட்டத்தை ஒரே சர்வர் தாங்காது என்றானதும், பல சர்வர்களை வைத்து அவற்றுக்கு முன்னால் ஒரு கருவியை நிறுத்துவார்கள். வருகிற இணைப்பை எந்த சர்வரிடம் விடுவது என்று அது முடிவு செய்யும். அதற்குப் பெயர் லோட் பேலன்சர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லோட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம் என்றுதான் பொருள். பாரம் என்ற பொருள் பின்னால் ஏறியது. பேலன்ஸ் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'பி' என்றால் இரண்டு, 'லாங்க்ஸ்' என்றால் தட்டு. இரண்டு தட்டு சேர்ந்தால் தராசு. நம் 'சமன்' என்ற சொல்லுக்கும் தராசோடு பழைய உறவு உண்டு. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்கிறது 118ஆம் குறள். அதனால் 'சுமைச் சமனி' என்று மொழிபெயர்த்தால் வேர்ப்பொருள் அப்படியே பொருந்திவிடும்.

ஆனால் அந்தக் கருவி எப்போதும் சமன் செய்வதில்லை. சுழற்சி முறையில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கலாம், குறைவான இணைப்பு உள்ள சர்வராகப் பார்த்து அனுப்பலாம். விகித முறை என்றால் புது சர்வருக்கு 3, பழையதற்கு 1 என்று வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாகக் கொடுக்கும். இதில் சமன் எங்கே? 'சுமைப் பகிர்வி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. உலாவி (பிரவுசர்), திசைவி (ரவுட்டர்) என்ற வரிசையிலும் உட்காருகிறது. பகிர்மானம் என்ற சொல்லோ மின்வாரியத்தால் வீடு வீடாக அறிமுகமானது.

இந்தச் சந்தையில் பழைய பெயர் எஃப்5. 1996இல் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம். டொர்னாடோ என்னும் சுழல்காற்றுகளை அளக்கும் ஃபுஜிட்டா அளவுகோலின் உச்சப் படிதான் அந்தப் பெயர். அதன் லோட் பேலன்சரான பிக்-ஐபி கருவியைத் திரையில் சொடுக்கிச் சொடுக்கியும் இயக்கலாம், நிரல்கள் அதோடு பேசுவதற்கான ஐகன்ட்ரோல் இடைமுகம் வழியாக பைத்தான் நிரல்மொழியில் எழுதியும் இயக்கலாம். அதற்கு உதவ முன்பு பிக்சட்ஸ் என்ற லைப்ரரி (எடுத்தாளத் தயாராக உள்ள நிரல்களின் திரட்டு) இருந்தது, அப்புறம் எஃப்5-எஸ்டிகே. லைப்ரரிக்கு 'நிரலகம்', இப்படி வேலையைத் தானாக நடக்கவிடும் ஆட்டோமேஷனுக்கு 'தன்னியக்கம்' என்று எழுதலாம். இதற்காக எழுதும் சிறு நிரலான ஸ்கிரிப்ட்டை ஸ்கிரிப்ட் என்றே விட்டுவிடலாம், யாரும் குழம்பப் போவதில்லை.

ஒரு சர்வரைப் பராமரிப்புக்கு எடுக்கும்போது ஸ்கிரிப்ட்டின் அருமை தெரியும். ஸ்கிரிப்ட் அந்த சர்வரை 'முடக்கு' நிலைக்கு மாற்றும். புதியவர்கள் வர மாட்டார்கள்; ஏற்கெனவே அந்த சர்வரோடு பிணைக்கப்பட்ட பயனர்கள் மட்டும் தொடர்வார்கள். அவர்களும் புதிதாக இணையக் கூடாது என்றால் 'கட்டாய நிறுத்தம்'. அப்போதும் நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் உடனே அறுபடாது. அவற்றின் எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை ஸ்கிரிப்ட் கருவியிடம் விசாரித்துக்கொண்டே இருக்கும். இப்படிக் காத்திருப்பதை 'டிரெயின்' (drain) என்பார்கள். தமிழில் 'வடியவிடுதல்', இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது. வடிந்ததும் சர்வரைப் புதுப்பித்து, மறுபடி சேர்த்து, அடுத்ததற்குப் போகலாம். இருபது சர்வர் இருந்து அத்தனையையும் கையால் செய்தால் ஏதாவது ஒன்றைத் திரும்பச் சேர்க்க மறக்கத்தான் செய்வோம்.

ஒன்றாக வேலை செய்யும் சர்வர்களின் கூட்டத்துக்கு இந்தத் துறையில் 'பூல்' என்று பெயர். அதைக் குளம் என்று எழுதிவிடாதீர்கள். நீர் நிற்கும் பூல் வேறு. இது சூதாட்டத்தில் எல்லோரும் போடும் பொதுப் பணயத்தைக் குறித்த 'பூல்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'மத்தியத் தொகுப்பிலிருந்து மின்சாரம்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, அந்தத் தொகுப்புதான் இந்தப் பூல். 'சர்வர் தொகுப்பு' என்றாலே போதும்.