எல்லாரும் சிரிக்கிறார்கள், எல்லாரும் செய்கிறார்களா?

கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “எங்கள் குரூப்பில் செக்ஸ் பற்றிய மீம்கள் நிறைய வரும். காண்டம் இல்லாமல் சமாளிப்பது, கழுத்தை நெரிப்பது என்று எல்லாவற்றையும் வைத்துச் சிரிப்போம். ஜோக்கை ஜோக்காகத்தானே பார்க்கிறோம்? மீம் பார்த்து யாராவது மாறிவிடுவார்களா?”

ஒரு மீமைப் பார்த்துவிட்டு யாரும் மாறிவிடுவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் ஒரே சங்கதி நூறு வடிவத்தில், நூறு நாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்கு உளவியலில் ஓரளவு நல்ல பதில் இருக்கிறது.

எளிதான பகுதியை வேகமாகக் கடந்துவிடுவோம். திரும்பத் திரும்பக் கேட்டது உண்மை போலத் தோன்றும். 1977ல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோ என்ற மூவர், சரியும் தவறுமாகக் கலந்த வாக்கியங்களைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. மறுபடி மறுபடி வந்த வாக்கியங்களின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. பழகிய வாக்கியம் மூளைக்குள் சிரமமில்லாமல் இறங்குகிறது. அந்தச் சுலபத்தையே உண்மைக்கான அடையாளமாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். விளம்பரக்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்த கதை.

அடுத்தது நகைச்சுவை. 2007ல் ராபின் நபி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், சமூகப் பிரச்சினைகள் பற்றிய நகைச்சுவைப் பேச்சு கேட்பவர்களை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். கேட்டவர்கள் கவனமாகத்தான் கேட்டார்கள், ஆனால் “ஜோக்குதானே” என்று தள்ளிவைத்துவிட்டார்கள். அதனால் உடனே பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நாள் போகப் போக, ஜோக் என்ற முத்திரை உதிர்ந்து கருத்து மட்டும் மிஞ்சுவதற்கான அறிகுறி தெரிந்தது. “சும்மா விளையாட்டுக்கு” என்று சொல்லப்படுவதோடு நாம் மல்லுக்கட்டுவதில்லை. மல்லுக்கட்டாமல் உள்ளே வந்தது அப்படியே தங்கிவிடுகிறது.

இப்போது ஒரு மீமைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மேல் கட்டத்தில் பதறும் முகம்: “காண்டம் இல்லையே?” கீழ்க் கட்டத்தில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர்: “கடைசி நேரத்துல நான் பாத்துக்குறேன்.” இதே டெம்ப்ளேட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்து, கைக்குழந்தையோடு அதே ஆள் நிற்பது போலவும் வரும். முதல் வடிவம் ஆபத்தைக் கொண்டாடுகிறது, இரண்டாவது கிண்டல் செய்கிறது. இரண்டாவது நல்ல மீம்தானே என்று தோன்றும்.

கிண்டலில் உண்மை இருக்கத்தான் செய்கிறது. விந்து வெளிவரும் முன் விலகிக்கொள்வதை மட்டுமே நம்பியிருக்கும் தம்பதிகளில், 100 பெண்களில் சுமார் 20 பேர் ஒரே வருடத்தில் கர்ப்பமாகிவிடுகிறார்கள். ஒரு தடவைகூடத் தவறாமல் செய்தால் இது 4 என்று கணக்கு, ஆனால் ஒரு தடவைகூடத் தவறாதவர்கள் யார்? ஆணுறைக்கு இதே எண்கள் நடைமுறையில் 13, பிசகில்லாமல் பயன்படுத்தினால் 2. பால்வினை நோய்கள் விஷயத்தில் விலகிக்கொள்வதை நம்பவே முடியாது. குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினை நோய்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே, 2020ல் 15 முதல் 49 வயதுக்குள் 37.4 கோடி புதிய தொற்றுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவை வெளியே எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. “பாத்தா நல்லாத்தான் இருக்காங்க” என்பது ஒரு பரிசோதனையே அல்ல.

சரி, கிண்டல் செய்யும் மீமுக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனாவில் மரங்கள் கல்லாகிப்போன ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் அந்தக் கல்மரத் துண்டுகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரின் குழு அங்கே இரண்டு விதமான அறிவிப்புப் பலகைகளை வைத்துப் பார்த்தது. ஒன்று, “தயவுசெய்து எடுக்காதீர்கள்” என்ற ரகம். மற்றது, “பலர் எடுத்துப்போய்விட்டதால் பூங்காவே மாறிப்போனது” என்று வருத்தப்படும் ரகம். பாதையில் அடையாளமிட்டுப் போட்டிருந்த துண்டுகளில், முதல் பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவாகவே திருட்டுப்போனது. வருத்தப்பட்ட பலகை இருந்தபோது போனது ஏறத்தாழ 8 சதவீதம். “ஐயோ, இத்தனை பேர் எடுக்கிறார்களே” என்ற புலம்பல், “இத்தனை பேர் எடுக்கிறார்கள்” என்ற தகவலாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கைக்குழந்தை மீமும் இதையே செய்கிறது. கிண்டலின் அடியில் சத்தமில்லாமல் ஒரு தகவல் ஓடுகிறது: எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்கள். ஜோக் புரிய வேண்டுமானாலே அந்தத் தகவலை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இனி என் மனதுக்குப் பிடித்த இடம். கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

1987ல் டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் என்ற இருவர் மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாக உட்காரவைத்து ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். யாருக்கும் புரியக்கூடாது என்றே திட்டமிட்டுக் குழப்பி எழுதிய கட்டுரை. “நிஜமாகவே புரியவில்லை என்றால் பக்கத்து அறைக்கு வந்து கேட்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அப்புறம் தனித்தனியாகக் கேட்டபோது கிடைத்த பதில்தான் வேடிக்கை. ‘எனக்குக் கூச்சம், அதனால் கேட்கவில்லை, மற்றவர்களுக்குப் புரிந்திருக்கும், அதனால் அவர்கள் கேட்கவில்லை.’ தான் எழாததற்குக் காரணம் கூச்சம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கும் அடுத்தவருக்கும் அதே கூச்சம் இருக்கலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குள்ளே நடப்பது எனக்குத் தெரியும். உங்களிடம் எனக்குத் தெரிவதெல்லாம் உங்கள் முகம் மட்டும். இந்த ஏற்றத்தாழ்வில்தான் முழுக் குழப்பமும் பிறக்கிறது. அறையில் இருக்கும் அத்தனை பேரும் மனதுக்குள் ஒன்றையே நினைத்து, வெளியே வேறொன்றைக் காட்டி, அடுத்தவர் காட்டுவதை நிஜம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். உளவியலில் இதைப் பன்மை அறியாமை என்பார்கள்.

இதன் பலன் என்ன என்பதை டெபோரா பிரென்டிஸும் அதே மில்லரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1993ல் வெளியிட்டார்கள். மாணவர்களிடம் இரண்டு கேள்விகள். இங்குள்ள குடிப்பழக்கம் உனக்கு எவ்வளவு சங்கடமில்லாமல் இருக்கிறது? சராசரி மாணவருக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறாய்? “எனக்குக் கொஞ்சம் நெருடல்தான், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை” என்பதே பொதுவான பதில். எல்லாருமே அப்படிச் சொன்னால் அந்த ‘மற்றவர்’ எங்கே இருக்கிறார்? அப்படி ஒருவர் கிடையாது. ஆனால் இல்லாத அந்த ஆளைப் பார்த்து, ஒரு பருவம் முடிவதற்குள் மாணவர்களில் ஆண்களுடைய மனப்பான்மை மெல்ல நகர்ந்திருந்தது. பெண்களிடம் அந்த நகர்வு தெரியவில்லை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கற்பனைப் பெரும்பான்மை ஒன்றின் பக்கம் தானாகவே ஒதுங்கிக்கொண்டார்கள்.

பிரின்ஸ்டன் மாணவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பழகியவர்கள். அப்படியும் இந்தக் கதி. மீம் விஷயத்தில் முகமும் கிடையாது. ஒரு மீமின் கீழே நாற்பதாயிரம் சிரிப்பு ஸ்மைலி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அனுபவப்பட்டுச் சிரித்தவர் உண்டு, புரியாமல் சிரித்தவர் உண்டு, நண்பன் அனுப்பியதற்கு மரியாதையாகப் போட்டவர் உண்டு, சங்கடத்தை மறைக்கச் சிரித்தவரும் உண்டு. எண்ணிக்கையில் எல்லாம் ஒன்றே. முகம் சுளித்துத் தள்ளிவிட்டுப் போனவர் கணக்கிலேயே வருவதில்லை. “இதுல என்ன ஜோக்?” என்று குரூப்பில் கேட்டால் கேட்டவர்தான் ஜோக் ஆவார் என்பதால் கேட்கக்கூடியவரும் கேட்பதில்லை. மில்லர் கஷ்டப்பட்டு உருவாக்கிய பரிசோதனை அறை இப்போது ஒவ்வொரு போனிலும் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கழுத்து நெரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உறவின்போது துணையின் கழுத்தை அழுத்துவதை வைத்து ஆங்கிலத்தில் ஏராளமான மீம்கள் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபி ஹெர்பனிக்கும் அவர் குழுவினரும் இப்படி 300க்கும் மேற்பட்ட மீம்களைச் சேகரித்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று வகைப்படுத்தி 2023ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் நெரிப்பவர் ஆண், நெரிக்கப்படுபவர் பெண். நெரிப்பது கிளுகிளுப்பான ஒன்று, காதலின் அடையாளம் என்ற தொனி பல மீம்களில். இதே குழு பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், உறவின்போது தங்கள் கழுத்து நெரிக்கப்பட்டதாகச் சொன்ன மாணவிகள் பாதிக்கும் மேல். அபூர்வமான விருப்பமாக இருந்தது ஒரு தலைமுறைக்குள் சாதாரணமாகியிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதில் சாதாரணம் எதுவும் இல்லை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. 1943ல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களின் மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டபோது அவர்கள் சராசரியாகச் சுமார் 7 நொடியில் நினைவிழந்தார்கள். “நிறுத்து” என்று சொல்ல நினைப்பவருக்கு அதற்கான நேரமோ குரலோ இல்லாமல் போகலாம். கழுத்தின் ரத்தக்குழாய் உட்சுவரில் கிழிசல் விழுந்தால், சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். வெளியே தடயம் இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் காவல் துறைக்கு வந்த 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்து 2001ல் வெளியான கட்டுரையில், பாதிப் பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. குரல் கம்மல், விழுங்கும்போது வலி, தலைவலி, மயக்கம், பார்வை மங்கல், அந்த நேரத்து நினைவு விட்டுப்போவது இவற்றில் எது இருந்தாலும், கழுத்தில் கீறல்கூட இல்லாவிட்டாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து அழுத்தப்பட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘பக்குவமாகச் செய்தால் ஆபத்தில்லை’ என்று சொல்லித்தரும் பதிவுகளை நம்பாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாக மருத்துவம் சொல்லவில்லை.

இதில் மீமின் பங்கு நான் முன்பு சொன்ன வழியில்தான் வருகிறது. மீம் யாருக்கும் செய்முறை சொல்லித்தர வேண்டியதில்லை. “எல்லாருக்கும் இது பிடிக்கும்” என்று ஒருவர் நம்பிவிட்டால் போதும், கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. “நான் மட்டும்தான் பயந்தாங்கொள்ளி” என்று எதிரில் இருப்பவர் நம்பிவிட்டால் வேண்டாம் என்று வாய் வராது. இருவர் மனதிலும் விருப்பமில்லாத ஒன்று, இருவர் சம்மதத்தோடும் நடப்பது போல நடந்துவிடும். கட்டுரையைப் புரியாமல் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அதே ஆட்கள்தான்.

பழி முழுவதையும் மீம் தலையில் கட்டவும் முடியாது. ஆபாசப் படங்கள் இருக்கின்றன, நண்பர்களின் பீற்றல் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, இளைஞர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் ஆபத்தான மீம்களைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. செய்யக்கூடிய ஆய்வுகளுக்கே பணம் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. பாலியல் ஆய்வு என்றாலே நிதி தருபவர்களுக்கு நெளிவு வந்துவிடுகிறது. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்ஸி பெண்களின் பாலியல் வாழ்வைப் பற்றி 1953ல் புத்தகம் போட்டார். அரசியல் நெருக்கடி கிளம்பியது, 1954ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அவருடைய ஆய்வுக்குத் தந்துவந்த நிதியை நிறுத்திக்கொண்டது. அந்த நெளிவு இன்னும் போகவில்லை. “பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்” என்பதும் அதன் உறவுக்காரன்தான். முறையான பாலியல் கல்வியால் இளைஞர்கள் உறவில் இறங்கும் வயது குறைவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இதற்குப் பிறகும் அந்தப் பேச்சு நீடித்தால் அதை மூடநம்பிக்கை என்றுதான் நான் சொல்வேன். வகுப்பில் இனப்பெருக்கப் பாடத்தை “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று தாண்டிப்போன ஆசிரியரின் இடத்தில் யாரோ ஒருவர் வந்து உட்காரத்தான் போகிறார். இப்போது வந்து உட்கார்ந்திருப்பது கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த ஆள்.

‘எனக்கு மட்டும்தான் நெருடல், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை’ என்ற தப்பெண்ணத்தை உடைக்க முடியுமா என்றால், பிரென்டிஸே அதையும் முயன்று பார்த்திருக்கிறார். கிறிஸ்டின் ஷ்ரோடருடன் சேர்ந்து அவர் 1998ல் வெளியிட்ட ஆய்வில் முதலாண்டு மாணவர்கள் இரண்டு வகைக் குழுக்களில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வகைக் குழுவில், குடிக்கும் விஷயத்தில் தனி மனிதராக எப்படிப் பொறுப்பாக முடிவெடுப்பது என்ற பேச்சு. மற்றதில் முந்தைய ஆய்வின் முடிவையே போட்டுக் காட்டினார்கள்: பாருங்கள், எல்லாருக்கும் நெருடல் இருக்கிறது, எல்லாரும் மறைக்கிறீர்கள். பிறகு அதைப் பற்றி அவர்களையே பேசவிட்டார்கள். நான்கு முதல் ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, இரண்டாவது வகையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் குடிப்பதாகச் சொன்னார்கள். குடியின் தீமை பற்றி அவர்களுக்குத் தனியாக எந்தப் பாடமும் எடுக்கப்படவில்லை.