பங்குதாரர் அல்ல, பாத்தியப்பட்டவர்

நாகர்கோவிலில் ஒரு வீட்டு உரிமையாளர் சங்கம் அண்மையில் ஒட்டிய நோட்டீஸில் இப்படி இருந்தது: "வாடகை ஒப்பந்தப் பதிவு, சொத்துவரி, கட்டட அனுமதி குறித்து அரசுக்கு மனு அளிப்பதற்கான பங்குதாரர்கள் கலந்தாய்வுக் கூட்டம்." நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினன்தான். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர்களில் ஒருவர்கூட வரவில்லை. எங்கள் தெருவில் பல வருடமாக ஒற்றிக்கு இருக்கும் பாட்டியிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எனக்க பேர்ல பங்கு ஒண்ணும் கெடையாதே மக்ளே, நான் எதுக்கு வரணும்?" என்றார்.

பாட்டி நோட்டீஸைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். தப்பு நோட்டீஸில் இருக்கிறது.

'ஸ்டேக்ஹோல்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிப் 'பங்குதாரர்' ஆக்குகிறார்கள். ஸ்டேக் என்றால் பந்தயத்தில் வைக்கும் பணம், பணயம். இருவர் பந்தயம் கட்டும்போது இரண்டு பேர் பணத்தையும் வாங்கிக் கையில் வைத்திருக்கும் மூன்றாவது ஆள்தான் முதலில் ஸ்டேக்ஹோல்டர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் பொருள். பின்னாளில் சொல் புரண்டு, ஒரு காரியத்தில் தன்னுடையது எதையோ வைத்திருப்பவர், அது நல்லபடி நடந்தால் பயன் பெறுபவர், கெட்டால் இழப்பவர் என்று ஆனது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

அந்தச் சொல் நிர்வாக உலகத்துக்குள் வந்த விதம்தான் எனக்கு முக்கியம். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்று அதை இந்தப் பொருளில் எடுத்தாண்டது. ஒரு நிறுவனம் தன் பங்குதாரருக்கு, அதாவது 'ஸ்டாக்ஹோல்டருக்கு', மட்டும் பதில் சொன்னால் போதாது; தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்குக் கொடுப்பவர், கடன் கொடுத்தவர், ஊர் என எல்லோரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்காகவே ஓசை ஒத்த இந்தச் சொல்லைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பங்குதாரர் மட்டும் போதாது என்று சொல்ல வந்த சொல்லைத் தமிழில் பங்குதாரர் என்றே எழுதுகிறோம். ஒரு சொல்லை இதைவிடத் தலைகீழாக மொழிபெயர்க்க முடியாது.

இந்தத் தவறு ஏட்டோடு நிற்பதில்லை. வீட்டுக்காரர் சங்கம் ஒன்று தனியாகப் போய்க் கேட்டால் எந்த அதிகாரியும் அதைத் தன்னலக் கோரிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால்தான் விவரம் தெரிந்த சங்கங்கள் கூட்டுச் சேர்க்கின்றன. கட்டடப் பொறியாளர், வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், வங்கிக்காரர், முடிந்தால் வாடகைதாரர் தரப்பும். எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒரே ஒரு கோரிக்கையில் ஒத்துப்போனால் அதற்கு மட்டும் சேர்ந்து கையெழுத்துப் போடுவார்கள். வரைவு விதி வெளியாகி, ஆட்சேபணை கேட்கும் நாட்களுக்குள் எழுத்தில் கொடுப்பார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்கும் போவார்கள். அப்போது அது ஒரு தரப்பின் புலம்பலாக இராது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மலையோரக் கிராமங்கள் பல மலையிடப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. அங்கே வீடு கட்ட அனுமதி தாமதமானால் நட்டம் வஸ்துக்காரருக்கு, அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு, மட்டுமா? கொத்தனாருக்கு வேலை இல்லை, கையாளுக்குக் கூலி இல்லை, லாரிக்காரருக்கு ஓட்டம் இல்லை. கட்டுப்பாடு தளர்ந்தால் மலையடிவாரத்தில் ஓடைத் தண்ணீரை நம்பி இருப்பவர் பாதிக்கப்படுவார். அவர் குரலும் இதில் வேண்டும். கடற்கரையிலோ குளச்சலிலும் முட்டத்திலும் தலைமுறையாக வீடு கட்டி இருந்தும் பட்டா கையில் இல்லாதவர்கள் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை விதி மாறினால் முதலில் தொடுவது அவர்களைத்தான். இவர்களில் யாருக்குப் 'பங்கு' இருக்கிறது? பங்கு என்றால் நம்மூரில் பாகப்பிரிவினையில் வருவது, மீன்பிடியில் பிரிப்பது, கம்பெனியில் வாங்குவது. இது எதுவும் இல்லாதவர், நோட்டீஸைப் பார்த்ததும் தனக்கில்லை என்று நகர்ந்துபோவார். எங்கள் தெருப் பாட்டி அதைத்தான் செய்தார்.

ஜெர்மனியில், ஓர் ஊரில் வழக்கமான வாடகை எவ்வளவு என்று காட்டும் பட்டியலை மாநிலச் சட்டப்படி பொறுப்பான அரசு அமைப்பு தயாரிக்கலாம். அல்லது வீட்டுக்காரர், வாடகைக்காரர் இரு தரப்புப் பிரதிநிதிகளும் சேர்ந்து தயாரிக்கலாம், ஏற்கலாம் என்று அந்த நாட்டுக் குடிமைச் சட்டமே சொல்கிறது. வாடகைக்காரர் 'பங்குதாரர்' இல்லை என்று அங்கே யாரும் அவரை வெளியே நிறுத்தவில்லை.

'பங்குதாரர்' தூய தமிழ் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பங்கு தமிழ்தான், 'பகு' என்பதிலிருந்து வந்தது. ஆனால் 'தார்' பாரசீகம். ஜமீன்தார், தாசில்தாரில் வரும் அதே தார். 'வைத்திருப்பவர்' என்று பொருள். 'ஹோல்டர்' என்பதற்கு 'தார்' என்று போட்டுவிட்டு முன்னால் இருப்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

மற்ற சொற்கள்? 'பங்கேற்பாளர்' கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர். 'ஆர்வலர்' விருப்பத்தால் வருபவர். வாடகை ஏறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியவரை ஆர்வலர் என்பது கொடுமை. 'தொடர்புடையோர்' தவறில்லை, ஆனால் வழுக்குகிறது. தரகருக்கும் தொடர்பு உண்டு. 'உரியோர்' என்று சில நண்பர்கள் எழுதுகிறார்கள். அழகான சொல். ஆனால் அது உரிமையாளரின் உடன்பிறப்பு; வீட்டுக்காரர் சங்க நோட்டீஸில் போட்டால் மறுபடி வீட்டுக்காரர்தான் வருவார். 'பணயம்' வேரோடு பொருந்துகிறது. நம்மூரில் நகையைப் பணயம் வைப்பது அன்றாடப் பேச்சு. என்றாலும் 'பணயக்காரர்' என்றால் நகைக்கடன் கடைதான் கண்ணில் நிற்கும்.

எனக்குப் பொருத்தமாகத் தெரிவது 'பாத்தியப்பட்டவர்'. ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதும் ஆபீசில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 'வழிநடைப் பாத்தியம்' என்று எழுதுகிறோமே, அது என்ன? அடுத்தவர் வஸ்துவில் நடந்துபோகும் உரிமை. நிலம் என்னுடையதல்ல, ஆனால் அந்தப் பாதையை அடைத்தால் என் வாழ்க்கை முடங்கும். சொத்து இல்லாமலே சொத்தில் இருக்கும் பிடிப்பு அது. ஒற்றிக்காரப் பாட்டியின் நிலையும் இதுதான். வீடு அவருடையதல்ல, அவருடைய மொத்தச் சேமிப்பும் அந்த வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அப்புறம், பாத்தியம் உரிமையை மட்டும் குறிப்பதில்லை, கடப்பாட்டையும் குறிக்கும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே இரு தரப்பாரின் உரிமைகளும் பொறுப்புகளும் சேர்ந்தே நிற்கின்றன.

பாத்தியம் வடசொல் என்பார்கள். ஆமாம். தமிழ்ச் சொல் சரியாகக் கிடைக்கிற இடத்தில் நானும் விடமாட்டேன். ஆனால் படிக்கிறவரை வெளியே தள்ளும் சொல்லைவிட உள்ளே அழைக்கும் சொல் மேல். திருவிதாங்கூர்ப் பழக்கத்தில் உரிமைக்கு 'அவகாசம்' என்ற சொல்லும் இருந்தது. அதைப் போட்டால் திருநெல்வேலிக்காரர் நேரம் கேட்கிறோம் என்று நினைப்பார். அதனால் விட்டுவிட்டேன்.

இதேபோல் இப்போது கூட்டுச் சேர்வதையெல்லாம் 'கூட்டாண்மை' என்கிறார்கள். முதல் போட்டு லாபம் பிரிக்கும் கடைக்கு அது சரி. ஒரு மனுவுக்காகச் சேரும் சங்கங்கள் அப்படி எதையும் பிரிப்பதில்லை. 'கூட்டு முயற்சி' என்றால் யாருக்கும் புரியும். மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல்லை எழுதும் முன் அது போய்ச் சேரும் ஆளை ஒருமுறை நினைக்க வேண்டும். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டினால் அந்த ஆள் கூட்டத்துக்கு வரமாட்டார்.

அடுத்த கூட்டத்துக்கான நோட்டீஸை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "வீட்டுக்காரர்கள், வாடகைக்கும் ஒற்றிக்கும் இருப்பவர்கள், வீடு கட்டும் வேலை செய்பவர்கள், பட்டாவுக்குக் காத்திருப்பவர்கள், இதில் பாத்தியப்பட்ட எல்லோரும் வரவும்." நீளமாக இருக்கிறது, சுருக்கலாமே என்றார்கள். ஒரு வரியையும் எடுக்க நான் சம்மதிக்கவில்லை. அச்சானதும் முதல் பிரதியைப் பாட்டி வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.