தணிக்கை

உள்ளாட்சி அமைப்புகளின் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பதைத் தமிழ்நாட்டு அலுவலக வழக்கு ‘தணிக்கை’ என்கிறது. இதற்கென உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை என்ற ஒன்றும் இயங்குகிறது. ‘தணி’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல்லாகத் தோன்றினாலும், வேண்டாதவற்றைக் களைந்து செம்மைப்படுத்துதல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லான ‘தன்கீஹ்’ உருது வழியாக வந்து தமிழோசை பெற்ற வடிவமே இது. தெலுங்கின் ‘தனிகீ’யும் கன்னடத்தின் ‘தனிகெ’யும் அதே வழியில் வந்தவை. திரைப்படத் தணிக்கையில்தான் அந்த மூலப்பொருள் இன்னும் அப்படியே நிற்கிறது எனலாம்.

தணிக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஆடிட்’, ‘கேள்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. கணக்கை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டுச் சரிபார்த்த காலத்துச் சொல். அதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘கணக்காய்வு’. இலங்கைத் தமிழில் தேசிய கணக்காய்வு அலுவலகம் என்பதே அரசு வழக்கு. இந்தச் செயலும் நமக்குப் புதிதன்று: முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவராக்கியது.

ஆனால் கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் செலவை எடைபோடக் கணக்காய்வு மட்டும் போதாது. பள்ளிக் கழிப்பறைக்குச் செலவுப் பட்டியல், வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம், பயன்பாட்டுச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருந்தால் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபம், எழாது. குழாயில் தண்ணீர் வராமல் கதவு பூட்டியே கிடப்பதை எந்தச் செலவுச்சீட்டும் சொல்லாது. சுகாதார நிலையத்து மருந்து இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும். அது காலாவதியாகும் முன் நோயாளியிடம் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. சிக்கனம், திறன், பயன் ஆகிய மூன்றையும் பார்க்கும் முறைக்கு ‘செயல்திறன் தணிக்கை’ என்று பெயர். பயன்தான் இதில் தலையாயது என்பதால், ‘பயனாய்வு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பயனைச் சொல்லத் தக்கவர் பயனாளியே என்னும் எண்ணத்தில் வளர்ந்தது ‘சமூகத் தணிக்கை’. ராஜஸ்தானில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர்-விவசாயிகள் அமைப்பு நடத்திய ‘ஜன் சுன்வாய்’ (மக்கள் விசாரணை) கூட்டங்களில் ஊராட்சிச் செலவுப் பட்டியல்கள் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. ‘சுன்வாய்’ என்பதும் கேட்டலே. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005 இம்முறையைக் கிராம சபையின் கடமையாக்கியது. மேகாலயம் 2017இல் தனிச்சட்டமே இயற்றி, அதைப் பிற துறைத் திட்டங்களுக்கும் விரித்தது.