குலூல்: பதவிக்கு வர்ற அன்பளிப்பைச் சொல்ற சொல்லு

ருஷ்வத்னா லஞ்சம்னு கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அய்யம்பேட்டைப் பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். குலூல்ங்கிற சொல்லை பயான்ல, அதாவது மார்க்கப் பிரசங்கத்துல கேட்டிருப்போம், ஆனா அர்த்தம் கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. இது ருஷ்வத்தை விட அகலமானது, யாரும் பேரம் பேசாம, கேக்காம தானா கைக்கு வர்ற பொருளையும் இது புடிச்சுக்கும், அதனால மாசச் சம்பளத்துக்குப் போற ஒவ்வொருத்தரும் இதைத் தெரிஞ்சுக்கணும்.

வேர்ச்சொல் கைன், லாம், லாம். மரங்களுக்கு நடுவுல ஓடுற தண்ணிக்கு அரபில ‘கலல்’னு பேரு, வாழைக்கொல்லைல சருகுக்கு அடியில தண்ணி பாயுறதைப் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். வெளிய தெரியாம உள்ள நுழையுறது, அதுலேர்ந்து ஒளிச்சு எடுத்துக்கறதுன்னு அர்த்தம் வந்துச்சு. முதல்ல இது கனீமத், அதாவது போர்ல கிடைச்ச பொருளை பங்கு வைக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தர் எடுத்து ஒளிச்சு வைக்கிறதுக்குத்தான் சொன்னாங்க. குலூல் செஞ்சவன் அதை மறுமை நாள்ல தூக்கிக்கிட்டு வருவான்னு குர்ஆன் 3:161 சொல்லுது. கைபர் போர்ல ஒரு போர்வையை அப்படி எடுத்தவரைப் பத்தி அது அவர் மேல நெருப்பா எரியுதுன்னு நபி (ஸல்) சொன்னதும், அதைக் கேட்ட இன்னொருத்தர் தான் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டாந்து வச்சிட்டாரு, அதுவும் நெருப்பு வாருதான்னு பதில் வந்துச்சு. செருப்பு வாருக்கே அந்தக் கணக்கு.

இது ஆபீஸுக்குள்ள வந்தது இப்னுல் லுத்பிய்யா சம்பவத்தாலதான். பனூ சுலைம் கூட்டத்துக்கிட்ட ஸகாத், அதாவது கட்டாய தர்மம் வசூல் பண்ண அனுப்பின ஆளு அவரு, திரும்பி வந்து “இது உங்களோடது, இது எனக்கு அன்பளிப்பா கொடுத்தது”ன்னு பிரிச்சு வச்சாரு. அவர் மிரட்டினதா எங்கயும் இல்ல, குடுத்தவங்க மனசார குடுத்திருக்கலாம். ஆனா நபி (ஸல்) மிம்பர்ல, அதாவது பள்ளிவாசல் பிரசங்க மேடைல ஏறி எல்லாரும் கேக்குற மாதிரி, அவர் தன் அத்தா வீட்லயோ அம்மா வீட்லயோ உக்காந்திருந்தா இந்த அன்பளிப்பு தேடி வருமான்னு பாத்திருக்கலாமேன்னு கேட்டாங்க. புகாரி, முஸ்லிம் ரெண்டுலயும் இருக்கு. ஹதியா, அதாவது அன்பளிப்பு வாங்குறது நல்ல காரியம், ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கச் சொன்ன மார்க்கம் இது, ஆனா அந்தப் பொருள் ஆளுக்கு வந்துதா, அவர் பாக்குற பதவிக்கு வந்துதாங்கிறதுதான் இங்க கேள்வி.

அந்த வசூல்காரருக்கு அரபில ‘ஆமில்’னு பேரு. நாம சர்வசாதாரணமா சொல்ற ‘மாமூல்’ அதே அமல்ங்கிற வேர்லேர்ந்து வந்தது, வழக்கமா செய்யப்படுறதுன்னு அர்த்தம். எல்லாரும் வாங்குறாங்க, காலங்காலமா நடக்குதுன்னு சொன்னா அது மாமூல் ஆகும், ஹலால் ஆகாது.

தமிழ்ல என்ன சொல்லலாம்? மோசடின்னு போட்டா யாரையோ ஏமாத்துன மாதிரி ஆயிடுது. கையூட்டு ருஷ்வத்துக்குத்தான் பொருந்தும். கைக்கூலின்னு சொன்னா நம்ம ஊருல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாங்குற வரதட்சணைன்னுதான் நினைப்பாங்க. பொருளை எடுத்து ஒளிக்கிறதுக்கு கையாடல் சரியான சொல்லு, வேலையை வச்சு வர்றதுக்கு ‘பதவிக்கு வந்த அன்பளிப்பு’ன்னு விரிச்சே எழுதலாம், நீளமா இருந்தாலும் தப்பா புரிஞ்சுக்க முடியாது.

இப்போ தஞ்சாவூர்ல ஒரு உரக்கடைல கொள்முதல் பாக்குற தம்பியை எடுத்துக்குவோம். வெளிக்கம்பெனி ஏஜென்ட் வருஷப் பொறப்புக்கு எல்லாருக்கும் குடுக்குற காலண்டர், பேனாவை வாங்கலாம்னுதான் ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள் பலர் சொல்றாங்க, ஏன்னா அது விளம்பரம். ரம்ஜானுக்கு அந்தத் தம்பிக்கு மட்டும் பேரீச்சம்பழப் பெட்டியோட ஒரு வெள்ளிக் காசும் சேர்ந்து வந்தா அது வேற. அவர் சம்பளம் வாங்குறது நல்ல சரக்கை நல்ல விலைக்கு எடுக்கத்தான், அது மொதலாளி நம்பி ஒப்படைச்ச அமானிதம், அந்தக் காசு வந்த பிறகு அடுத்த ஆர்டர் போடும்போது கை எந்தப் பக்கம் சாயும்? ஒப்பந்தங்களை நிறைவேத்துங்கன்னு குர்ஆன் 5:1ல சொன்னது இதுக்கும் சேர்த்துத்தான், வேலை நேரம் உட்பட. மொதலாளிக்கிட்ட காட்டி, அவர் தெரிஞ்சு மனசார ‘நீயே வச்சுக்க’ன்னா கூடும், தப்பில்ல. வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே குடுத்து வாங்கிப் பழகின சொந்தக்காரரோ கூட்டாளியோ அதே அளவுல குடுத்தா, அதுல வேலை சம்பந்தமான காரியம் எதுவும் இல்லேன்னா, அதுலயும் தடை இல்ல.

அரசாங்க வேலைல இருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், அங்க மொதலாளி பொதுமக்கள், எந்த மேலதிகாரியும் அவங்க சார்புல ‘வச்சுக்க’ன்னு சொல்ல முடியாது. ஏற்கனவே வாங்கிட்டவங்க குடுத்தவர் யாருன்னு தெரிஞ்சா திருப்பிக் குடுத்துடுங்க, தனியார்ல இருந்தா மொதலாளிக்கிட்ட விஷயத்தைச் சொல்லி ஒப்படைங்க, சந்தேகம் இருந்தா பக்கத்து மதரஸால நல்ல ஆலிமைப் பாத்து முழு விவரத்தையும் மறைக்காம சொல்லிக் கேளுங்க.