பழைய மீற்றர் இருக்குத்தானே எண்டு மட்டும் சொல்லாதேங்கோ

போன மாசம் வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில, ஒரு அன்ரி என்னைக் கூப்பிட்டு, எக்கச்சக்கமா ஏறிக் கிடந்த தண்ணி பில்லைக் கையில தந்தவ. எட்டு பேர்ச் காணி, பழைய ஓட்டு வீட்டை இடிச்சுப்போட்டு மகன்மார் ரெண்டு பேரும் வெளிநாட்டில இருந்து அனுப்பின காசில நாலு மாடி எழுப்பி ஆறு வீடாக்கியிருக்கிறா, ஒண்டில தான் இருக்கிறா, அஞ்சு வாடகைக்கு. பில் அவவின்ர மாமனாரின்ர பேரில, அவர் செத்து இருபது வருசம். கேற்றுக்குப் பக்கத்தில இருந்த குழி மூடியைத் தூக்கிப் பார்த்தன். அதே பழைய அரை இஞ்சி மீற்றர், கண்ணாடி முழுக்கப் பாசி, விரலால துடைச்சுப் பார்த்தா உள்ளுக்க சின்னச் சிவப்பு முள்ளு நிக்காமச் சுத்துது. ஆறு குடும்பத்துக்கும் அது ஒண்டுதான்.

"தம்பி, கொன்ட்ராக்டர் சொன்னவர், பழைய மீற்றர் இருக்குத்தானே அன்ரி, புதுசுக்கு ஏன் வீணாக் காசு கட்டுறியள் எண்டு. நானும் சரியெண்டு விட்டிட்டன்."

நான் கட்டட வேலையில கணக்குப் பாக்கிறவன், கியூஎஸ், கொழும்பில இருபத்திரெண்டு வருசமா இதுதான் தொழில். இந்த வருசத்தில மட்டும் இதே கதை எனக்கு நாலாவது. அதுதான் எழுதுறன், பொறுக்க முடியேல்ல.

முதல்ல இதை விளங்கிக்கொள்ளுங்கோ. உறுதியோட காணி கைமாறுற மாதிரி தண்ணி கைமாறாது. வோட்டர் போர்ட், அதாவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, அந்தக் காலத்தில மாமனாருக்குக் குடுத்த கனெக்ஷன் ஒரு வீட்டுக்கு, ஒரு குடும்பம் பாவிக்கிறதுக்கு. அந்த வீடே இப்ப இல்ல. இடிச்சு லொறியில ஏத்தியாச்சு. அதே இடத்தில நீங்க ஆறு வீடு கட்டினா அது வேற பாவனை, வேற அளவு, அதுக்கு வேற விண்ணப்பம். மீற்றர் அதே குழியில கிடக்கிறதால புதுக் கட்டடத்துக்கும் அதுதான் எண்டு ஆகிடாது. இதைச் சொன்னா "தண்ணி வருகுதுதானே" எண்டு கேக்கினம். வரும். வாறதால எல்லாம் சரியெண்டு நினைக்கிறதுதான் பிழை.

பில் ஏன் அப்பிடி ஏறினது எண்டு அன்ரிக்குக் கடதாசியில போட்டுக் காட்டினன், உங்களுக்கும் சொல்லுறன். ஒரு யூனிட் எண்டா 1,000 லீற்றர். வீட்டுப் பாவனைக்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்ல, படிப்படியா ஏறும். முதல் 5 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 5க்கு அதை விடக் கூட, இப்பிடி அஞ்சஞ்சா 30 மட்டும் போய், பிறகு 40, 50, 75, 100 எண்டு போகும். மாதச் சேவைக் கட்டணமும் பாவனையோட சேர்ந்து ஏறுறதுதான். ஒரு குடும்பம் மாசம் 15 யூனிட் எடுக்குது எண்டு வைப்பம், தனி மீற்றர் எண்டா அவை மூண்டாம் படியோட நிப்பினம். ஆறு குடும்பம் ஒரு மீற்றரில எண்டா 90 யூனிட். வீட்டுக்குள்ள ஆறு அடுப்பு எரியுது எண்டு மீற்றருக்குத் தெரியுமே? அதுக்குத் தெரிஞ்சது ஒரு வீடு 90 யூனிட் குடிச்சிருக்கு எண்டதுதான். அப்ப படி ஏறி ஏறி கிட்டத்தட்ட உச்சிக்குப் போயிடும். ஒவ்வொரு வீடும் அளவாத்தான் பாவிச்சிருக்கு, ஆனா ஆறு பேரும் பெரிய ஊதாரி மாதிரிக் கட்டுறியள். புதுக் கனெக்ஷனில மிச்சம் பிடிச்ச காசு இப்பிடி மாசாமாசம் போகுது, அதோட ஆர் எவ்வளவு கட்டுறது எண்டு வாடகைக்கு இருக்கிறவையோட சண்டை வேற. அன்ரியின்ர ரெண்டாம் மாடிக்காரர் இப்ப அவவோட கதைக்கிறதே இல்ல.

அடுத்தது எல்லாரும் கேக்கிறது: "சரி, புதுசா எடுக்க எவ்வளவு வரும்?" ஒரு தொகையைச் சொல்லு எண்டு நிப்பினம். நான் சொல்ல மாட்டன், சொல்லுறவரை நம்பவும் வேண்டாம். வோட்டர் போர்ட்காரர் வந்து அளந்து பார்த்துத்தான் எஸ்டிமேட் போடுவினம். மெயின் லைன் ரோட்டின்ர எந்தப் பக்கம் ஓடுது, உங்கட கேற்றுக்கு எத்தினை மீற்றர் தூரம், பைப் எத்தினை இஞ்சி, எத்தினை மீற்றர் பூட்டோணும், இதெல்லாம் சேர்ந்துதான் காசு. ஒரே ஒழுங்கையில எதிரெதிர் வீடு ரெண்டு, ஒருத்தருக்கு மெயின் அவரின்ர மதிலோரத்தால போகுது, மற்றவருக்கு ரோட்டைக் குறுக்கால வெட்டோணும். ரெண்டு பேரின்ர எஸ்டிமேட்டும் எப்பிடி ஒண்டா இருக்கும்?

ரோட்டு வெட்டுற காசைத்தான் எல்லாரும் மறந்துபோறது. அது பைப் போடுற கூலி இல்ல, ரோட்டைத் திருப்பி முந்தின மாதிரிச் செய்யிற செலவு, அது ரோட்டுக்குச் சொந்தக்காரருக்குப் போறது, அவையின்ர அனுமதியும் வேணும். காலி வீதி ஏ2, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர. உள்ளுக்க இருக்கிற ஒழுங்கையள் பெரும்பாலும் மாநகர சபையின்ர. காப்பெற் போட்டு ரெண்டு மாசமான ரோட்டை வெட்டக் கேட்டா லேசில விடாயினம், அது நியாயமும்தான். அதோட பழைய கணக்கில நிலுவை கிடந்தா அதையும் முடிச்சாத்தான் மேற்கொண்டு கதை. செத்தவரின்ர பேரில கிடக்கிற கணக்கை மாத்தாம விடுறவைக்கு இந்த இடத்தில நல்லா இழுபடும்.

"பக்கத்து வீட்டுக்காரர் 2015 இல இவ்வளவுதான் கட்டினவராம்" எண்டு தயவுசெய்து வராதேங்கோ. தண்ணிக் கட்டணம் 2012க்குப் பிறகு பத்து வருசம் அப்பிடியே கிடந்து, 2022 செப்ரெம்பரில ஒருக்கா, 2023 ஓகஸ்ட்டில இன்னொருக்கா ஏறி, 2024 இல கொஞ்சம் குறைஞ்சது. பைப், பிற்றிங் விலையும் அந்தக் காலத்து விலையோ? பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில இருந்து 18 வீதம். எஸ்டிமேட்டுக்கும் தவணை இருக்கு, வாங்கி அலுமாரிக்குள்ள வைச்சிட்டு அடுத்த வருசம் கொண்டுபோனா திருப்பி முதல்ல இருந்துதான்.

மாடி ஏறுற கட்டடமெண்டா நிலத்துக்குக் கீழ சம்ப், அதாவது தண்ணித் தொட்டி கட்டி, அங்க இருந்து மோட்டரால மேல் தாங்கிக்கு ஏத்துறதுதான் முறை. சில பைப் பாஸ்மார் மோட்டரை நேரா ரோட்டு லைனில பூட்டி விடுகினம். அது சட்டவிரோதம். அது மட்டுமில்ல, உங்கட மோட்டர் உறிஞ்ச உறிஞ்ச பக்கத்து வீட்டுக்குத் தண்ணி நிக்கும், லைனில எங்கயாவது வெடிப்பிருந்தா வெளியில நிக்கிற ஊத்தையும் சேர்ந்து வரும். கொழும்பின்ர குழாய்த் தண்ணிக்கு வயசு கொஞ்சமில்ல, லபுகம நீர்த்தேக்கம் 1886 இல தொடங்கினது, நகரத்துக்குள்ள நிலத்துக்குக் கீழ நூறு வருசத்துக்கு மேற்பட்ட இரும்பு லைன் கிடந்தது, ஒரு காலத்தில அரைவாசித் தண்ணி கசிவிலயும் களவிலயும் கணக்கில்லாமப் போனது. மாத்திக்கொண்டு வருகினம், ஆனா உங்கட ஒழுங்கையில கிடக்கிறது எது எண்டு உங்களுக்குத் தெரியாது. குழந்தைப் பிள்ளையள் குடிக்கிற தண்ணியில இந்த விளையாட்டு வேண்டாம்.

பெரிய பிளாட்ஸ் கட்டுறவைக்குத் தனியா ஒண்டு. பிளான் பாஸ் பண்ணுற நேரமே வோட்டர் போர்ட்டின்ர சம்மதக் கடிதம் கேப்பினம். இந்த மெயின் உங்கட எண்பது வீட்டுக்குப் போதாது எண்டு சொன்னா, லைனைப் பெரிசாக்கிற செலவு உங்கட தலையில வரும். அதை வீடு விக்கிற விலையில முதலே சேர்க்காம, பிறகு வாங்கினவையிட்டக் கேக்கிறதைத்தான் நான் அநியாயம் எண்டுறன். வாங்கிறவையும் ரைல்ஸையும் பல்கனியையும் பார்த்து மயங்காம, என்ர வீட்டுக்குத் தனித் தண்ணிக் கணக்கு இருக்கோ, என்ர பேருக்கு வருமோ, லிப்ட்டடி, தோட்டம் எண்டு பொதுப் பாவனைக்கு வேற மீற்றர் இருக்கோ, சீஓசி, அதாவது பிளான்படி கட்டியிருக்கு எண்ட சான்றிதழ், எடுத்தாச்சோ எண்டு கேளுங்கோ. வாயால சொன்னாக் காணாது, எழுத்தில வாங்குங்கோ.

கழிவுநீரும் இதோட முடிஞ்சுது எண்டு நினைக்கிறவையும் கனபேர். இல்ல. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள்ள, இங்க கழிவுநீர்க் கனெக்ஷன் மாநகர சபையோட அலுவல். தெஹிவளைப் பக்கம் போனா அதைப் பாக்கிறது வோட்டர் போர்ட். ரெண்டும் வேற விண்ணப்பம், வேற காசு. ரெண்டு லைனும் போடவெண்டு ரோட்டை ரெண்டு தரம் வெட்டி ரெண்டு தரம் காசு கட்டின ஆக்களை எனக்குத் தெரியும், ஒரே நேரத்தில அலுவல் பார்த்திருந்தா அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

ஆகவே, அத்திவாரம் வெட்ட முதலே போய் விண்ணப்பியுங்கோ. உறுதிக் கொப்பி, சேர்வே பிளான், வரிப்பண ரசீது, அடையாள அட்டைக் கொப்பி எல்லாத்தையும் ஒரு பைலில போட்டு வையுங்கோ, இன்னும் என்ன வேணுமெண்டதை கவுண்டரில கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ. வேற ஏதும் தெரியோணுமெண்டா 1939க்கு அடியுங்கோ. காசை ஆபீஸ் கவுண்டரில நீங்களே கட்டி ரசீதை நீங்களே வைச்சிருங்கோ, "என்னட்டத் தாங்கோ, எல்லாம் நான் பாக்கிறன்" எண்டு சொல்லுற ஆக்களிட்டக் குடுக்காதேங்கோ. எத்தினை வீடோ அத்தினை லைனும் கட்டேக்கயே தனித்தனியா இழுத்து விடுங்கோ, பூசின சுவரை உடைக்கிற காசு அதை விடப் பல மடங்கு. கட்டுமான வேலைக்கெண்டு எடுத்த கனெக்ஷன் வீட்டு வகையில இல்லாட்டி, குடிபூந்த உடனை வகையை மாத்தித் தரச்சொல்லி எழுதிக் குடுங்கோ, நீங்க குடுக்காம ஒருத்தரும் தேடி வந்து மாத்தாயினம். வெளிநாட்டில இருந்து காசு அனுப்புற பிள்ளையளுக்கும் சொல்லுறன்: அம்மாவிட்ட கிரனைட் என்ன நிறம் எண்டு வீடியோ கோலில கேக்கேக்க, தண்ணி எஸ்டிமேட்டையும் ஒருக்காக் காட்டச் சொல்லுங்கோ. வயசுபோனதுகள், கொன்ட்ராக்டர் சொன்னதை நம்பித்தான் தலையாட்டுங்கள்.

அன்ரியின்ர வீட்டில போன கிழமை வேலை தொடங்கியாச்சு. பேர் மாத்தக் குடுத்தாச்சு, ஆறு கனெக்ஷனுக்கும் விண்ணப்பம் போயிட்டுது. ஒவ்வொரு மாடிக்கும் தனி லைன் இழுக்கோணும் எண்டதால படிக்கட்டோரச் சுவரில புதுசா ஒட்டின ரைல்ஸ் எல்லாம் உடையுது, அதே நிறம் இப்ப கடையில இல்லையாம். மூண்டாம் மாடியில கைக்குழந்தையோட இருந்த பிள்ளை தூசி தாங்கேலாமல் தாய் வீட்டை போயிட்டுது, வேலை முடியத்தான் வருமாம்.