குஞ்சின் குடலில் முதலில் குடியேறுவது யார்?

சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டமொன்றில், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் லயத்து வீட்டின் பின்புறம் ஏறக்குறைய 200 கோழிகளை வளர்த்து வருகிறார். சென்ற மாதம் அவர் அழைத்துப் போய்ப் பார்த்தபோது, பிறந்து ஐந்தே நாளான குஞ்சுகள் சில இறகைச் சிலிர்த்துக்கொண்டு விளக்கடியில் ஒடுங்கி நின்றன. ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பினால், ஆசனவாயில் எச்சம் சுண்ணாம்பைப்போல் அப்பிக் காய்ந்திருந்தது.

"டாக்டர், நீங்க சொன்ன நல்ல கிருமிப் பவுடரைத் தினமும்தான் கலந்து கொடுக்கிறேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் கலந்து வைத்திருந்த வாளியை முகர்ந்தபோது குளோரின் நெடி மூக்கில் ஏறியது. கடையில் வாங்கிய ஆண்டிபயாட்டிக் தூளும் அதே வாளியில் கலக்கப்பட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய நல்ல நுண்ணுயிர்களைத் தம்மை அறியாமலேயே அவர் வாளிக்குள் கொன்றுகொண்டிருந்தார்.

தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சு, தாயின் பின்னால் ஓடிக் குப்பையைக் கிளறும்போதே அதன் எச்சத்திலுள்ள நுண்ணுயிர்களையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வரும் குஞ்சுக்குத் தாயும் இல்லை, தாய் தரும் அந்தச் சீரும் இல்லை. அதன் குடல் காலி மனையாகக் கிடப்பதால், மிகச் சில சால்மொனெல்லா கிருமிகள் நுழைந்தாலும் அங்கே பெருகிவிடுகின்றன. பின்லாந்தில் நுர்மி, ரந்தலா என்னும் இரு ஆய்வாளர்கள், நலமான பெரிய கோழியின் குடலிலுள்ளவற்றைக் குஞ்சுகளுக்குப் புகட்டினால் அவற்றை சால்மொனெல்லா எளிதில் பற்றுவதில்லை என்று 1973ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள். நல்ல நுண்ணுயிர்களையே உயிரோடு கொடுக்கும் புரோபயாட்டிக்கின் அடிப்படை இதுதான். லாக்டோபேசில்லஸ் போன்றவை குடற்சுவரில் இடம்பிடித்து, உணவுக்குப் போட்டியிட்டு, அமிலத்தைச் சுரந்து, தீய கிருமிக்கு அந்த இடத்தை வாழத் தகாததாக்கிவிடுகின்றன. ஆகவே இது நோய் வந்தபின் கொடுக்கும் மருந்தன்று. குஞ்சு வந்திறங்கும் முதல் நாளிலேயே கொடுக்கவேண்டியது.

பிரீபயாட்டிக் என்பது உயிரல்ல, அந்த நல்ல நுண்ணுயிர்களுக்கான தீனி. இனுலின் போன்ற நார்ப்பொருள்களைக் கோழியால் செரிக்க முடியாது. குடலின் கடைப்பகுதியிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பெருகும். ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படும் மேனன் வகையின் வேலை வேறு. ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் குடற்சுவரிலுள்ள மேனோஸ் என்னும் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான் தங்குகின்றன. அதே சர்க்கரையாலான மேனன் தீவனத்திலும் இருந்தால், கிருமி அதைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடும்.

நடைமுறைக்கு வருவோம். குழாய்த் தண்ணீரை வாயகன்ற வாளியில் முதல் நாள் மாலையே பிடித்து, குளோரின் நீங்கும்படி திறந்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிடாதபடி வலைத்துணியால் மூடி, காலையில் முழுவதையும் பயன்படுத்திவிடுங்கள். அவசரமென்றால், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை கொழுப்பு நீக்கிய பால்தூளைக் கலந்து அரைமணி நேரம் கழித்துப் புரோபயாட்டிக்கைச் சேர்க்கலாம். கலந்த தண்ணீரைக் குஞ்சுகள் சில மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கவேண்டும். நம்மூர் வெயிலில் மாலைவரை வைத்திருப்பதில் பயனில்லை. ஆலையில் சூடேற்றி அழுத்திய குருணைத் தீவனமாக இருந்தால், வெப்பத்தைத் தாங்கும் வித்துகளையுடைய பேசில்லஸ் வகையே உகந்தது.

இவற்றால் தீய கிருமிகள் குறையும். அடியோடு ஒழிந்துவிடும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. குறிப்பாகக் கேம்பிலோபேக்டர் என்னும் கிருமி எளிதில் அடங்குவதில்லை. கோழியிடம் நோய்க்குறி எதையும் காட்டாமலே அதன் குடலில் தங்கி, வெட்டும்போது இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும். எனவே எலியை விரட்டுவதும், கூளத்தை ஈரமின்றி வைப்பதும், கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்வதும் எப்போதும் தேவை. தடுப்புக்கென்று தினந்தோறும் ஆண்டிபயாட்டிக் போடுவதைத்தான் நான் மன்றாடி நிறுத்தச் சொல்கிறேன். அது நல்ல நுண்ணுயிரையும் அழிக்கிறது, மருந்துக்கு அடங்காத கிருமியையும் வளர்க்கிறது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க மலேசியா 2019இல் தடை விதித்ததும் இந்த அச்சத்தால்தான்.

அந்த அம்மாவின் நோயுற்ற குஞ்சுகளைத் தனியே பிரித்து, எச்சத்தைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்தபின் அதற்குரிய மருந்தை உரிய நாள்கள் மட்டும் கொடுத்தோம். மருந்து முடிந்த மறுநாளே புரோபயாட்டிக்கைப் புதிதாகத் தொடங்கினோம். இப்போது அவர் வீட்டுப் பின்கட்டில் இரண்டு வாளிகள் இருக்கின்றன. மருந்துக்கான சிவப்பு வாளியை நீல வாளியின் பக்கத்தில்கூட அவர் வைப்பதில்லை.