எந்தத் தராசு?

தள்ளுவண்டியை நகராட்சி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று வழக்கறிஞரான என்னிடம் இந்த மாதத்தில் நான்கு பேர் வந்துவிட்டார்கள். முதல் மூன்று பேருக்கு மனு எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிட்டேன். நான்காமவர் வந்து போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கொய்யாப்பழம் விற்கும் அம்மா. பஸ் நிலையத்துக்கு வெளியே பதினோரு ஆண்டுகளாக ஒரே இடம். காலை எட்டு மணிக்கு நகராட்சி லாரி வந்தது, தள்ளுவண்டியைத் தூக்கியது, போய்விட்டது. "எதற்கு என்று கேட்டீர்களா அம்மா?" என்றேன். "மேலிடத்து உத்தரவாம் ஐயா" என்றார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். நகராட்சி கொடுத்த அடையாள அட்டை, அதே நகராட்சி கொடுத்த விற்பனைச் சான்றிதழ், அன்று விடியற்காலை மண்டியில் எடுத்த 38 கிலோவுக்கான சீட்டு. வண்டியை எடுத்துப்போனதற்கு மட்டும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது, பழமெல்லாம் அழுகிய நிலையில். மின்னணுத் தராசைக் காணோம். கேட்டால், "எந்தத் தராசு?" என்கிறார்கள்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். படித்தவர், பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "அரசாங்கத்தின் கையைக் கட்டிவிட்டால் ஊர் எப்படி உருப்படும்?" என்று கேட்டார். என்னை எரிச்சலூட்டுவது இந்தக் கேள்விதான். அரசுக்கு வரம்பு வேண்டும் என்று வாயைத் திறந்தாலே, ரேஷன் கடையை மூடச் சொல்கிறான், அரசு ஆஸ்பத்திரியை விற்கச் சொல்கிறான், இவன் பணக்காரர்களின் ஆள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வரப்பு போட்டால் வயல் சிறுத்துவிடுமா? நம் தண்ணீர் அடுத்தவர் நாற்றை மூழ்கடிக்காது, அவ்வளவுதான். சாலை போடட்டும், விளக்கு போடட்டும், ஆம்புலன்ஸுக்கு வழி விடாத வண்டியை நகர்த்தட்டும், எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கட்டும். இதில் எதையும் யாரும் தடுக்கவில்லை. ஒருவருடைய பொருள்மேல் கை வைக்கும்முன், அந்தக் கைக்கு அதிகாரம் கொடுத்த சட்டப்பிரிவு எது என்று காட்டச் சொல்கிறோம். பணக்காரருக்கு இந்த வரம்பு அவ்வளவாகத் தேவையில்லை. அவருக்குத் தொலைபேசி எண்கள் தெரியும். கொய்யாப்பழக்காரருக்குத்தான் தேவை.

அரசமைப்புச் சட்டமே இந்தக் கையைக் கட்டித்தான் வைத்திருக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி வசூலிக்கக் கூடாது (பிரிவு 265). சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது (300ஏ). தொழில் செய்ய உரிமை உண்டு, அதற்கு நியாயமான கட்டுப்பாடு மட்டுமே விதிக்கலாம் (19). ஒழுங்குபடுத்தப்பட்ட நடைபாதை வியாபாரத்தை, தெரு நடப்பதற்கு மட்டும்தான் என்று சொல்லி மறுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

அதற்கும் மேலே 2014இல் சாலையோர வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. சான்றிதழ் வைத்திருக்கும் வியாபாரியை இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும். அந்தக் கெடு முடிந்தும் நகராவிட்டால்தான் பொருளை எடுக்கலாம். எடுத்தால் பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு நகல் கொடுக்க வேண்டும். திருப்பிக் கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே விடுவிக்க வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். இந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரியிடம்தான் இன்னும் நிற்கிறோம்.

1991 ஜூலையில் ஆலைகளுக்கான உரிமமுறை 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு ஒழிந்தது. அதைப் பொருளாதார விடுதலை என்று ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். தள்ளுவண்டிக்கு 1991 இன்னும் வரவில்லை. அட்டை வாங்கினால் அனுமதி வேண்டும், அனுமதி வாங்கினால் தயவு வேண்டும். நிழற்குடை வைத்த நல்ல வண்டியாக வாங்கலாமே என்று என்னிடம் வழக்குக் கொடுத்த வியாபாரி ஒருவரிடம் கேட்டேன். "தூக்கிக்கொண்டு போய்விட்டால்?" என்றார். அவர் முதல் போடாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. எதையும் எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம் என்ற ஊரில் யார் முதல் போடுவார்கள்?

தெருவில் கடை போடுவதற்கு வாங்கும் தரைவாடகைக் கதை தனி. சீட்டில் 20 ரூபாய் அச்சடித்திருக்கும், அதை வசூலிக்கக் குத்தகை எடுத்தவரின் ஆள் 50 வாங்குவார். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம் கொடுத்த நாடு இது. நாங்கள் தவிர்க்கக்கூடச் சொல்லவில்லை, அச்சடித்ததை மட்டும் வாங்குங்கள் என்கிறோம்.

வியாபாரிகளுக்குச் சில வார்த்தைகள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சான்றிதழின் மூலப் பத்திரத்தை வண்டியில் வைக்காதீர்கள். வண்டியோடு அதுவும் போய்விடும். நகல் வண்டியில், மூலம் வீட்டில். மண்டிச் சீட்டைக் கிழித்து எறியாதீர்கள், நஷ்டம் கேட்கும்போது அது ஒன்றுதான் பேசும். தராசின் பில்லும் அப்படியே. லாரி வந்தால் கத்தாதீர்கள், வண்டியைப் பிடித்துத் தொங்காதீர்கள். பணியைத் தடுத்தார் என்று வழக்குப் போட்டுவிட்டால் உங்கள் நியாயம் பின்னால் போய்விடும். நோட்டீஸ் எங்கே, பட்டியல் எங்கே என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பக்கத்துக் கடைத் தம்பி கைபேசியில் எடுத்துவைக்கட்டும். அன்றைக்கே பொருளைக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து வந்து "ஐயா, ஏதாவது செய்யுங்கள்" என்றால் நான் என்ன செய்ய?

சீட்டில் இருக்கும் தொகைக்கு மேல் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒருவர் கொடுத்தால் மறுநாள் வரிசை முழுவதும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கொய்யாப்பழ அம்மாவின் மனுவைத் திங்கட்கிழமை கொடுத்தோம். முத்திரை போட அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். இப்போதைக்குத் தம்பி வீட்டுப் பழைய தட்டுத் தராசை வைத்து விற்கிறார். அதில் முத்திரை காலாவதியாகியிருக்கிறது என்று நேற்று ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.